ஒரு பெனால்டி சேவ் போதுமா? ஒனானாவின் முதல் மூன்று மாதங்கள் (அக்டோபர் 2023)

வலைக்காவலன்:
மணி இரவு இரண்டரை தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை. நம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜாம்பவான் பாபி சார்ல்டன் காலமாகி மூன்றே நாள் ஆகிறது. அந்தத் துக்கத்தோடு ஓல்ட் டிராஃபோர்டில் கோபன்ஹேகனுக்கு எதிராக ஆடினோம். 72-வது நிமிடத்தில் மெக்வையர் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் முன்னிலை. 97-வது நிமிடம், அவர்களுக்குப் பெனால்டி. ஜோர்டன் லார்சன் அடித்ததை, டி கியாவுக்குப் பதிலாக வந்த நம் புதிய கீப்பர் ஒனானா பாய்ந்து தடுத்தார். நானும் வீட்டில் எல்லோரையும் எழுப்புகிற மாதிரி கத்தினேன்.

ஆனால் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடத்திலிருந்து "ஒனானாவைத் திட்டியவர்கள் எல்லாம் மன்னிப்புக் கேளுங்கள்" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். திட்டியவர்களில் நானும் ஒருவன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். பிரீமியர் லீக்கில் 9 ஆட்டம், 13 கோல் வாங்கியிருக்கிறோம். சாம்பியன்ஸ் லீக்கில் 3 ஆட்டம், 7 கோல். பன்னிரண்டு ஆட்டத்தில் இருபது. எல்லாம் அவர் தவறு இல்லை, தெரியும். பயர்ன் மியூனிக்கோடு சானே அடித்த பந்து? தரையோடு வந்தது, நேராகக் கைக்கு வந்தது, கைக்கு அடியில் நழுவி உள்ளே போனது. அதுவரை நாம் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். நாலே நிமிடத்தில் அடுத்த கோல், கடைசியில் 4-3. ஒரு பெனால்டியைத் தடுத்ததால் அந்தக் குறை சரியாகிவிடுமா?

ஸ்ட்ரெட்ஃபோர்டு தம்பி:
அண்ணா, குறை சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஒரு கீப்பருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். 2011 மறந்துவிட்டதா? டி கியா வந்த புதிதில் கம்யூனிட்டி ஷீல்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முதல் பாதியிலேயே இரண்டு கோல். அதில் ஜெக்கோ தூரத்திலிருந்து அடித்தது அவர் பிடித்திருக்க வேண்டிய பந்து. அடுத்த வாரமே வெஸ்ட் பிராம் ஆட்டத்தில் ஷேன் லாங் அடித்தது அவருக்கு அடியில் போனது. டிசம்பர் கடைசி நாளில் பிளாக்பர்னிடம் சொந்த மண்ணில் 3-2 தோல்வி, அதற்குப் பிறகு அவரை உட்காரவைத்துவிட்டு மாற்று கீப்பர் லிண்டகோரை ஆடவைத்தார் அப்போதைய பயிற்சியாளர் ஃபெர்குசன். அன்றைக்கு எத்தனை பேர் "இவன் தேறமாட்டான்" என்று எழுதினார்கள்? பிப்ரவரியில் செல்சியோடு 3-0 பின்தங்கி 3-3 ஆக்கினோமே, அதில் கடைசி நிமிடங்களில் மாத்தாவின் ஃப்ரீ கிக்கை மேல் மூலையில் தட்டிவிட்டார். அங்கிருந்து ஆள் வேறு. அந்தப் பையன்தான் அப்புறம் பன்னிரண்டு வருடம் நம் கோலைக் காத்தான்.

வலைக்காவலன்:
அந்த ஒப்பீடு பொருந்தாது தம்பி. அப்போது டி கியாவுக்கு வயது 20. ஒல்லியான பையன், ஸ்பெயினிலிருந்து வந்தவன், கார்னரில் முட்டி மோதுகிற இங்கிலீஷ் ஆட்டத்துக்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை. அவனுக்குக் காலம் கொடுப்பதில் அர்த்தம் இருந்தது. ஒனானாவுக்கு 27. ஐந்து மாதத்துக்கு முன்பு இத்தாலியின் இன்டருக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஆடியவர். கூடுதல் தொகையெல்லாம் சேர்த்தால் 4.7 கோடி பவுண்டு. வளரட்டும் என்று காத்திருக்க வாங்கிய ஆள் இல்லை இவர்.

டி கியா ரசிகன்:
நான் கேட்பது ஒன்றுதான். போன சீசன் 17 லீக் ஆட்டத்தில் கோலே வாங்காமல், அதிக ஆட்டங்களில் அப்படி நின்ற கீப்பருக்கான கோல்டன் க்ளவ் விருது வாங்கியவரை எதற்காக அனுப்பினோம்? பன்னிரண்டு வருடம் உழைத்தவருக்குச் சொந்த மைதானத்தில் ஒரு ஒழுங்கான வழியனுப்புகூடக் கிடைக்கவில்லை. இந்த 2023 அக்டோபர் வரை அவருக்கு எந்த கிளப்பும் கிடைக்கவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

நள்ளிரவு ரசிகை:
அவரை வழியனுப்பிய விதம் எனக்கும் வலிக்கிறது. அனுப்பியது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஏப்ரலில் செவியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எட்டாவது நிமிடத்தில், சுற்றி ஆள் நிற்கும்போது மெக்வையருக்கு பாஸ் கொடுத்து முதல் கோல். இரண்டாம் பாதியில் பாக்ஸை விட்டு வெளியே வந்து, பந்தை நிறுத்தத் தெரியாமல் இன்னொரு கோல். 3-0, யூரோப்பா லீக்கிலிருந்து வெளியே. எதிரணி நம் கீப்பரை நோக்கி ஓடினாலே நாம் பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு மறுபடி பிடிக்க ஓடிக்கொண்டிருந்தோம். பயிற்சியாளர் டென் ஹாக் ஆடவைக்க நினைக்கும் ஆட்டம் அப்படிப்பட்ட கீப்பரோடு நடக்காது.

என் கேள்வி வேறு. கீப்பரே காலால் பாஸ் கொடுத்துத் தொடங்கும் அந்த ஆட்டத்துக்காக ஒனானாவை வாங்கினோம். சரி, அவர் பந்தை யாருக்குக் கொடுப்பார்?

இன்டரில் அவருக்கு முன்னால் மூன்று சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள். இடப்பக்கம் இடது கால்காரர் பஸ்தோனி, நடுவில் அச்செர்பி, வலப்பக்கம் டார்மியன். அவர்களுக்கு முன்னால் ப்ரொசோவிச்சோ சால்ஹனோலுவோ இறங்கி வந்து நிற்பார்கள். எதிரணியில் இரண்டு பேர் ஓடிவந்தாலும் எப்போதும் ஒருவர் சும்மா நிற்பார், அவருக்குக் கொடுத்தால் போதும். இங்கே? லூக் ஷா காயம், மலாசியா காயம், வான்-பிசாக்கா காயம், லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் செப்டம்பரோடு போய்விட்டார். இடது கால் சென்டர் பேக் என்று ஒருவரே இல்லை. அம்ராபத் என்ற மிட்ஃபீல்டரை லெஃப்ட் பேக்காக ஆடவைத்தோம். கலாட்டசராய் ஆட்டத்தில் 2-2 இருக்கும்போது ஒனானா கொடுத்த பாஸை எல்லோரும் திட்டுகிறோம். மெர்டென்ஸ் கைப்பற்ற, கசெமிரோ காலை வைத்துப் பெனால்டி கொடுத்து, இரண்டாம் மஞ்சள் அட்டையும் வாங்கி வெளியேறினார். பாஸ் மோசம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அவருக்கு முன்னால் நம் ஆட்களில் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்?

அயாக்ஸ் அபிமானி:
ரசிகை சொல்வதோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன். 2019-இல் அயாக்ஸ் அரையிறுதி வரை போன அணியில் இதே டென் ஹாக், இதே ஒனானா. அப்போது அவருக்கு முன்னால் டி லிக்ட், பிளிண்ட், பக்கத்தில் இறங்கி வர ஃப்ரெங்கி டி யோங். பந்து அவர் காலுக்கு வந்தால் எங்களுக்குப் பயமே இருந்ததில்லை. அதே கால்தான் இப்போதும் இருக்கிறது.

வலைக்காவலன்:
பாஸ் விஷயத்தில் ரசிகை சொல்வது சரி. இதை நான் யோசிக்கவில்லை. கலாட்டசராய் கோலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். அந்தப் பெனால்டியை இகார்டி வெளியே அடித்துவிட்டு, சில நிமிடத்திலேயே ஒனானா தலைக்கு மேல் தூக்கிக் கோல் போட்டது வேறு கதை.

ஆனால் சானே அடித்த பந்துக்கும், பின்னாலிருந்து பாஸ் கொடுத்து ஆடும் பில்டப்புக்கும் என்ன தொடர்பு? பிரென்ட்ஃபோர்டின் ஜென்சன் அடித்ததும் தாழ்வாக வந்த பந்துதான். கை பட்டும் உள்ளே போனது. மெக்டோமினே 93, 97-வது நிமிடங்களில் இரண்டு போட்டதால் அதை எல்லோரும் மறந்துவிட்டோம். நான் கல்லூரியில் நாலு வருடம் கீப்பராக நின்றவன். செம்மண் தரை, பந்து எப்படி எழும்பும் என்று தெரியாது. எங்கள் கோச் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, தாழ்வான பந்துக்கு உடம்புக்கு முன்னால் கை தரைக்குப் போக வேண்டும், கைக்குப் பின்னால் உடம்பு இன்னொரு சுவராக விழ வேண்டும் என்று. ஒனானா பல நேரம் உடம்பை முதலில் சாய்க்கிறார், கை அப்புறம் வருகிறது. அவர் உயரத்துக்கு அந்த நொடித் தாமதம் போதும், அடியில் இடைவெளி வந்துவிடும். முன்னால் பஸ்தோனி நின்றாலும் இது மாறாது.

பழைய சிவப்பு:
நான் 1999-லிருந்து இந்த அணியைப் பார்க்கிறேன். கீப்பர் ஷ்மைக்கல் போன பிறகு என்ன பாடுபட்டோம் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பாஸ்னிச், தைபி, பார்தெஸ், கேரல், ஹோவர்ட். 2005-இல் வான் டெர் சார் வரும் வரை ஆறு வருடம் தேடினோம். தேடியவர் ஃபெர்குசன்.

மாசிமோ தைபியைச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டமே ஆன்ஃபீல்டில், லிவர்பூலை 3-2 ஜெயித்தோம், ஆட்ட நாயகன் அவர்தான். அன்று இரவு நாங்கள் எல்லோரும் ஷ்மைக்கலுக்கு வாரிசு கிடைத்துவிட்டார் என்று கொண்டாடினோம். அதே மாதம் சவுத்தாம்ப்டனோடு லெ டிஸியே மெதுவாகத் தட்டிவிட்ட பந்து அவர் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. அடுத்து செல்சியிடம் 5-0. நாலே லீக் ஆட்டம், முடிந்தது. ஆகவே தம்பி, ஆரம்பத்தை வைத்து எதிர்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்றால் ஆதரித்தும் எழுதக்கூடாது. நேற்றைய பெனால்டிக்கும் அது பொருந்தும்.

ஸ்ட்ரெட்ஃபோர்டு தம்பி:
ஐயா, நாலு ஆட்டத்தோடு தைபியை ஒதுக்கியது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறீர்களா?

பழைய சிவப்பு:
இல்லை. அப்போது நினைத்தேன். இத்தாலிக்குத் திரும்பிப் போய் அவர் பல வருடம் நன்றாக ஆடினார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

டி கியா ரசிகன்:
காலால் ஆடுகிற கீப்பர் என்று வாங்கி ஏமாந்த கதை பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. 2016-இல் சிட்டி ஜோ ஹார்ட்டை அனுப்பிவிட்டு பார்சலோனாவிலிருந்து பிராவோவைக் கொண்டுவந்தது. முதல் ஆட்டம் நம் மைதானத்தில்தான். தூக்கி அனுப்பிய பந்து கைக்கு வந்தும் நழுவவிட்டு இப்ராஹிமோவிச்சுக்குக் கோல் கொடுத்தார். அடுத்த மாதம் பார்சலோனாவில் தவறான பாஸ் கொடுத்துவிட்டு, பாக்ஸுக்கு வெளியே கையால் தடுத்து சிவப்பு அட்டை. சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா எவ்வளவு பொறுத்தும் அவர் தேறவில்லை. அடுத்த வருடமே எடர்சனை வாங்கினார்கள்.

நள்ளிரவு ரசிகை:
நீங்கள் சொன்ன கதையிலேயே பதில் இருக்கிறது நண்பரே. பிராவோ சரிவரவில்லை என்றதும் சிட்டி ஹார்ட்டைத் திரும்ப ஆடவைக்கவில்லை. அந்த வகை ஆட்டத்தைக் கைவிடவும் இல்லை. அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கிற ஆளைத் தேடினார்கள். ஒனானா தோற்றாலும் நாம் போக வேண்டிய திசை அதுதான். டி கியாவிடம் திரும்பிப் போவது இல்லை.

டி கியா ரசிகன்:
திசை சரியாக இருக்கலாம். கோலுக்கு முன்னால் நிற்பவரின் முதல் வேலை பந்தைத் தடுப்பது. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அயாக்ஸ் அபிமானி:
தடுப்பதைப் பற்றியே பேசுவோம். முதல் ஆட்டம் உல்வ்ஸோடு. அவர்கள் 23 முறை கோலை நோக்கி அடித்தார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைசியில் ஒனானா அவர்களின் கலாய்ஜிச்சின் மேல் போய் மோதியதற்குப் பெனால்டி கொடுத்திருக்க வேண்டும், அது நம் அதிர்ஷ்டம். ஆனால் அந்த 1-0 வெற்றி கோல் போட்ட வரானுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு ஒனானாவுக்கும் சொந்தம். போன வருடம் இன்டருக்காக சாம்பியன்ஸ் லீக்கில் 13 ஆட்டம் ஆடி எட்டில் கோலே வாங்காதவர் இவர். பந்தைத் தடுக்கத் தெரியாதவரால் அது முடியாது. சீசன் ஆரம்பத்தில் அங்கே லீக் ஆட்டங்களில் ஹண்டனோவிச்தான் முதல் கீப்பர், ஒனானா அக்டோபரில்தான் அந்த இடத்தைப் பிடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலைக்காவலன்:
அவருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. என் சந்தேகம் மனநிலை பற்றியது. கீப்பராக நின்றவர்களுக்கு இது புரியும். தவறவிட்ட பந்தைவிட அதற்கு அடுத்து வரும் பந்துதான் கடினம். முந்தைய பந்து கையிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். கால் அரை அடி பின்னால் போகும், வெளியே வர வேண்டிய கிராஸுக்கு வரமாட்டோம். ஒரு சின்ன ஆட்டத்தில் ஒரு கோலைக் கொடுத்துவிட்டு நான் மூன்று வாரம் அப்படி நின்றேன். முன்னூறு பேர் பார்த்த ஆட்டம் அது. எழுபதாயிரம் பேர் முன்னால் அது எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நள்ளிரவு ரசிகை:
அப்படியென்றால் மியூனிக் ஆட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். யாரும் அழைக்காமலே கேமரா முன்னால் வந்து, இந்தத் தோல்விக்குக் காரணம் நான்தான், அணியைக் கைவிட்டுவிட்டேன் என்று சொன்னார். ஒளிந்துகொள்ளவில்லை. அந்த ஆள் ஐந்து வாரம் கழித்து 97-வது நிமிடத்தில், அவ்வளவு கூச்சலுக்கு நடுவில், கோட்டின் மேல் அசையாமல் நின்று பந்துக்காகக் காத்திருந்தார். பெனால்டி சேவ் குறையைச் சரிசெய்யாது என்று எழுதினீர்கள். நீங்கள் சொல்கிற அந்த ஒட்டிக்கொண்ட பந்தை அது கழற்றிவிடாதா?

வலைக்காவலன்:
கழற்றலாம்.

மாத்தா ஃப்ரீ கிக்குக்குப் பிறகு டி கியாவுக்கு அது நடந்தது என்று தம்பி மேலே எழுதியதை இப்போதுதான் அந்தக் கோணத்தில் படிக்கிறேன். ஆனாலும் தாழ்வான பந்து பற்றிச் சொன்னதை மாற்றமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் அணி சிட்டியோடு டெர்பி, எதிரே அவர்களின் ஹாலண்ட். தரையோடு வரும் முதல் பந்துக்கு அவர் கை முதலில் போகிறதா, உடம்பு முதலில் போகிறதா என்று பார்க்கப்போகிறேன்.

பழைய சிவப்பு:
நானும் பார்க்கிறேன். கை முதலில் போனால் இங்கேயே வந்து எழுதுங்கள், போகாவிட்டாலும் எழுதுங்கள்.