தெருமுனை நிலத்தை வணிக வகைக்கு மாற்றும் அறிவிப்பு: ஆட்சேபனையில் எதை எழுதுவது?

கேள்வி

தாம்பரத்துக்குத் தெற்கே, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். தெருவின் அகலம் முப்பதடி, வீடுகள் இருபத்தாறு. தெருமுனையில் கருவேலம் மண்டிக் கிடக்கும் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தை முதன்மைக் குடியிருப்பு வகையிலிருந்து வணிக வகைக்கு மாற்றக் கோரியிருப்பதாக, சர்வே எண்ணுடன் நாளிதழில் அறிவிப்பு வெளியாகியுள்ளது. பழைய தாள்களை எடைக்குப் போட எடுத்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. ஆட்சேபனை தெரிவிக்கும் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள்களே உள்ளன. திருமண மண்டபம் கட்டப்போவதாக உரிமையாளர் தரப்பில் சொல்கிறார்கள். தெருவிலேயே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. நிலம் அவருடையது, அதில் இன்னது கட்டலாம், இன்னது கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எந்தக் காரணங்கள் எடுபடும்?

மறுமொழி 1 (நகரமைப்புத் துறையில் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

உரிமை உண்டு, ஐயா. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 32(4) பிரிவின்படி, எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகுக்கும், 2008-இல் அரசு ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) மாறுதல் செய்வதே இங்கு நடப்பது. அந்தத் திட்டம் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அதை நம்பி அக்கம்பக்கத்தில் மனை வாங்கியவர்களுக்கும் உரியது. பெங்களூரு சதாசிவ நகரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடுக்கத் தகுதி உடையவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பலரும் இதைக் கட்டட அனுமதி என்று எண்ணி, மண்டபத்தின் உயரத்தையும் வாசலின் திசையையும் பற்றி எழுதிவிடுகிறார்கள். கட்டடம் பிறகு வருவது. அதற்குத் திட்ட அனுமதி என்று தனியாக ஒரு விண்ணப்பம் உண்டு. இப்போது மாறுவது நிலத்தின் வகை. இன்று மண்டபம் என்று சொல்பவர் நாளை நிலத்தை விற்றுவிட்டால், வாங்குபவர் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்; வணிக வகையில் விதிகள் இடம் தரும் எதையும் அவர் கட்டக் கோரலாம். ஆகவே, மண்டபம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்காமல், முப்பதடித் தெருவைத் தவிர வேறு வழியில்லாத ஓர் ஏக்கரில் வணிகப் பயன்பாடு தகுமா என்று கேளுங்கள்.

நொய்டாவின் குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய வங்கிகளையும் அலுவலகங்களையும் பற்றி 2011-இலும், மீரட் சாஸ்திரி நகரில் வீட்டு மனையில் எழுந்த கடைகளைப் பற்றி 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்ததைச் சிலர் உங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடும். அவை வகை மாறாமலே நடந்த வணிகத்தைப் பற்றியவை. முறைப்படி வகை மாறிவிட்டால் அந்த வாதம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். இந்த ஒன்பது நாள்களின் அருமை அதில்தான் இருக்கிறது.

மறுமொழி 2 (வேறொரு பகுதியில், திருமண மண்டபம் ஒன்றுக்குப் பின்வீட்டில் வசிப்பவர்)

பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்: மேளச் சத்தத்தைவிட, விடியற்காலை மூன்று மணிக்குச் சமையல் பாத்திரங்களை இறக்கும் ஓசைதான் உறக்கத்தைக் கெடுப்பது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், வணிகப் பகுதிக்கு 65, 55 என்றும் வரம்பு வைத்துள்ளன. நிலம் வணிகப் பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டால், இன்று மீறலாக இருக்கும் ஓசை நாளை வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதை ஆட்சேபனையில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

பொதுவாகப் 'போக்குவரத்து நெரிசல் ஏற்படும்' என்று எழுதாதீர்கள். தெருவை நாடாப்பிடித்து அளந்து, இருபுறமும் கார்கள் நின்றால் நடுவில் எத்தனை அடி மிஞ்சும், அதில் ஆம்புலன்ஸ் நுழையுமா என்று வரைபடத்துடன் காட்டுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவென்றால், ஒரு முகூர்த்த நாளின் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள்.

மறுமொழி 3 (புறவழிச் சாலையோரம் மனை வைத்திருப்பவர்)

மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மருந்து வாங்கக்கூட இரண்டு கிலோமீட்டர் போக வேண்டிய மனைப்பிரிவுகளை நான் பார்த்திருக்கிறேன். கடையே கூடாது என்பது நகரத்துக்கு ஒத்துவராது. முழுமைத் திட்டத்தில், வீடுகளோடு கடைகளுக்கும் இடம் தரும் கலப்புக் குடியிருப்பு என்றொரு வகையும் இருக்கிறது. முற்றாக எதிர்ப்பதற்குப் பதிலாக, வணிக வகை வேண்டாம், கலப்புக் குடியிருப்பாக மாற்றுவதைப் பரிசீலிக்கலாம் என்று மாற்று யோசனையாக எழுதலாமே? நில மதிப்பு உயரும் என்று உங்கள் தெருவில் சொல்பவர்களும் அதற்கு இசையக்கூடும்.

மறுமொழி 1-ஐ எழுதியவர் மீண்டும்

மாற்று யோசனை நல்லதே. ஆனால் முதன்மையான ஆட்சேபனையை முடித்த பிறகு இறுதிப் பத்தியில் வையுங்கள். முதலிலேயே வைத்தால், வகை மாற்றத்துக்கு நீங்கள் கொள்கையளவில் இசைந்ததாகக் கொள்ளப்படும். ஒரே மனுவில் இருபத்தாறு கையெழுத்து வாங்குவதோடு, நிலத்தை ஒட்டிய நான்கைந்து வீட்டார் தத்தம் பாதிப்பைத் தனித்தனியே எழுதட்டும். அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பிழையின்றிக் குறிப்பிட்டு, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) உறுப்பினர்-செயலர் பெயருக்கு நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று மாலை நாடாவைப் பிடித்துத் தெருவை அளந்தோம். பத்திரத்தில் முப்பதடி, மதில்களும் படிக்கட்டுகளும் போக மிஞ்சியது இருபத்து நான்கரை அடி. அதில் ஒன்றரை அடி என் வீட்டுச் சரிவுப் பாதை. மனுவை எழுதுவதற்கு முன் அதை இடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.