அடர்காட்டுக்கு அதிகச் செலவில்லாத ரைபிள்: .30-30 எடுப்பதா, .308 எடுப்பதா?

ஈரச்சருகு:

எல்லோருக்கும் வணக்கம். உரிமம் கைக்கு வந்துவிட்டது, துப்பாக்கிதான் இன்னும் வரவில்லை. இரண்டு வாரமாகப் படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம்.

நான் போகப்போகும் காடு நல்ல அடர்த்தி. 50, 60 கெஜத்துக்கு மேல் எதுவும் கண்ணில் படாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மின்கம்பிக்காக மரங்களை வெட்டி விட்டிருக்கிறார்கள். அங்கே நின்றால் 180 கெஜம் வரை தெரியும். மான்தான் முக்கியம். காட்டுப்பன்றி வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

துப்பாக்கி, ஸ்கோப், பழகுவதற்குத் தோட்டா எல்லாம் ஒரே பணத்துக்குள் அடங்க வேண்டும். இப்போதைக்கு இரண்டு வாய்ப்புகள். ஒன்று, தெரிந்தவர் விற்கும் பழைய மார்லின் 336, .30-30 காலிபர் (தோட்டாவின் அளவு), லிவர் வகை, அதாவது விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்துத் தோட்டா மாற்றுவது. இன்னொன்று, புது சாவேஜ் ஆக்சிஸ், .308, போல்ட் வகை, அதாவது பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தோட்டா மாற்றுவது. 3-9x40 ஸ்கோப்புடன் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) சேர்த்தே வருகிறது.

நண்பர் ஒருவர் இரண்டுமே வேண்டாம், .45-70 வாங்கு, கனமான குண்டு புதரை அறுத்துக்கொண்டு போகும் என்கிறார். அவருடைய .30-06-இல் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தேன். தோள் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்றாவது குண்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். எதை எடுப்பது?

பரண்மேல்:

முதலில் அந்தப் புதர் கதையை முடித்துவிடுவோம். புதரை அறுத்துக்கொண்டு நேராகப் போகும் குண்டு எந்தக் காலிபரிலும் கிடையாது. குண்டு பம்பரம் மாதிரி சுழல்வதால்தான் நேராகப் போகிறது. ஒரு குச்சி பட்டால் அந்தச் சுழற்சி தடுமாறும், அப்புறம் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கனமான, மெதுவான குண்டும் விலகத்தான் செய்யும்.

நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். காகித இலக்குக்கு முன்னால் விரல் கனத்தில் காய்ந்த குச்சிகளை நெருக்கமாக நட்டு, .30-30-இலும் 12 கேஜ் ஸ்லக்கிலும் (ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் கனமான குண்டு) சுட்டேன். குச்சிகள் இலக்குக்கு ஓரடி முன்னால் இருந்தபோது ஓட்டைகள் பரவாயில்லை. அதே குச்சிகளைப் பத்துப் பன்னிரண்டு கெஜம் முன்னால் தள்ளி நட்டதும் இரண்டுமே ஒழுங்காகப் போகவில்லை. .30-30 குண்டு ஒன்று காகிதத்தில் பக்கவாட்டில் பதிந்திருந்தது, சாவித் துவாரம் போல நீளமாக. ஸ்லக் ஒன்று காகிதத்திலேயே படவில்லை. மான் குச்சியை ஒட்டி நின்றால் ஒருவேளை தப்பிக்கலாம். குச்சி உங்கள் பக்கம் இருந்தால் காயம்பட்ட மானைத் தேடி இரவெல்லாம் நடக்க வேண்டியதுதான்.

அதனால் காலிபரைப் புதருக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசித்தோட்டா:

நான் .308 பக்கம். காரணம் எளிது. 1952-இல் வந்த தோட்டா, அதன் ராணுவ உறவுக்காரன்தான் நேட்டோவின் 7.62x51. அதனால் எங்கே போனாலும் தோட்டா கிடைக்கும், பழக மலிவான வகையும் கிடைக்கும். 150 கிரெய்ன் (ஏறக்குறைய 10 கிராம்) குண்டு நொடிக்கு 2,800 அடிக்குச் சற்று மேல் பறக்கும். அதே எடையில் .30-30 ஏறக்குறைய 2,400 அடிதான்.

நூறு கெஜத்தில் குறியைச் சரிசெய்து வைத்தால், இருநூறில் .308 நாலு அங்குலம் வரைதான் இறங்கும். .30-30 எட்டு அங்குலம் இறங்கிவிடும். மானின் உயிர்நிலை இருக்கும் பகுதியே எட்டு அங்குலம்தான். அந்த மின்கம்பி வெட்டில் மான் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

பழைய துப்பாக்கி யார் கையில் என்ன பாடு பட்டதோ. புதுசு புதுசுதான்.

நிழல்மரம்:

தம்பி, காலிபர் இருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடினேன் என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அதைச் சரிசெய்யாமல் எதை வாங்கினாலும் பணம் வீண்.

உங்கள் நண்பரிடம் சொல்லி ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாமல், அவரே ஒவ்வொரு முறையும் துப்பாக்கியில் தோட்டா போட்டுத் தரட்டும். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பொய்த்தோட்டா ஒன்றைக் கலந்து போடட்டும். பொய்த்தோட்டா வரும்போது டிக் என்று ஒரு சத்தம்தான் கேட்கும். அந்த நேரத்தில் குழலின் நுனி சட்டென்று கீழே குனிந்தால், உதை வருவதற்கு முன்பே நீங்கள் அதைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் தடவை நான் செய்தபோது நுனி அரையடி இறங்கியது. வெட்கமாகிப்போனது.

உதையைப் பொறுத்தவரை, ஒரே எடைத் துப்பாக்கியில் .30-06-இன் உதையில் .30-30 ஏறக்குறைய பாதிதான். .308 இரண்டுக்கும் நடுவே, ஆனால் .30-06 பக்கமாகவே சாயும். புது ஆக்சிஸ் எடை குறைந்த துப்பாக்கி, அதனால் உதை இன்னும் கூடத் தெரியும். 7எம்எம்-08 என்ற காலிபர் கிடைத்தால் அதுவும் மென்மையானது, மானுக்கும் பன்றிக்கும் போதும். .243 மானுக்குச் சரி, பெரிய பன்றிக்கு எனக்கு மனசு வராது.

இரண்டு கேள்விகள். எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறீர்கள்? நண்பரின் துப்பாக்கிக் கட்டை உங்கள் கைக்குப் பொருந்தியதா? முழங்கையை மடக்கி, அடிக்கட்டையை மடிப்பில் வைத்தால் விரலின் முதல் கணு விசையை எட்ட வேண்டும்.

ஈரச்சருகு:

நன்றி அக்கா. பொய்த்தோட்டா வேலையைப் பார்த்தோம். நுனி குனிந்தது. நண்பர் சிரித்தார்.

நீங்கள் தோளைக் கேட்டதும்தான் உறைத்தது, சொல்ல மறந்துவிட்டேன். நான் இடக்கைக்காரன். நண்பரின் போல்ட் வலக்கைக்கானது. ஒவ்வொரு முறையும் கட்டையிலிருந்து முகத்தை எடுத்து, கையைக் குறுக்கே நீட்டி போல்ட்டை இழுத்தேன். கட்டையும் நீளம், விரல் நுனிதான் விசையில் பட்டது.

பரண்மேல்:

அட, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! சாவேஜிலும் ரூகர் அமெரிக்கனிலும் இடக்கை மாடல்கள் உண்டு. ஆனால் எல்லாக் காலிபரிலும் எல்லா நேரத்திலும் கிடைப்பதில்லை, ஸ்கோப்புடன் சேர்த்து வரும் மலிவுத் தொகுப்பில் இன்னும் அரிது. லிவருக்கு வலம் இடம் என்ற பேச்சே இல்லை. வெற்றுத்தோட்டா வலப்பக்கம் போகும், உங்கள் முகம் இடப்பக்கம்.

அந்த மார்லினைப் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் முறுக்கு வரிகள் ஆழமில்லாமல் நிறைய இருக்கும். தேய்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். 1950-களிலிருந்து மார்லின் போட்ட மைக்ரோ-குரூவ் அது, 12 மெல்லிய வரிகள், பிறவியிலேயே அப்படித்தான். துருக்குழிகள் இருக்கின்றனவா, குழல் வாயின் விளிம்பு அடிபட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

லிவர் திருகாணி ஒன்றைக் கழற்றினால் லிவர் வெளியே வரும், பின்னால் போல்ட்டும் வந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும், வெற்றுத்தோட்டாவை வெளியே தள்ளும் சின்ன எஜெக்டர் துண்டு நழுவி விழும், கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் புல்லில் ஒருநாள் முழுக்கத் தேடியவன். இந்த வசதியால் குழலைப் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். எல்லா லிவரிலும் இப்படி முடியாது.

336 வெற்றுத்தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளுவதால் ஸ்கோப் பொருத்த இடைஞ்சல் இல்லை. பழைய வின்செஸ்டர் 94 மேல்நோக்கித் தள்ளும். 1980-களில்தான் அதைச் சாய்வாக மாற்றினார்கள்.

நிழல்மரம்:

ஒன்றை மறக்காமல் சேர்க்கிறேன். குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் நிற்பதன் பிரைமரை (அடிபட்டால் தோட்டாவை வெடிக்க வைக்கும் அடிப்பகுதி மருந்து) தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் கூர்மூக்குக் குண்டைப் போடவே கூடாது. தட்டைமூக்கு, அல்லது குழாய்க்கென்றே மென்முனை வைத்து வருபவை மட்டும்தான். கடையில் .30-30 பெட்டி என்று எடுத்துக்கொண்டு வராமல் மூக்கைப் பார்த்து வாங்குங்கள்.

காலி செய்யும்போது ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் போய்த்தான் வெளியே வரும். குழல் எங்கே பார்க்கிறது என்பதில் கவனம், விரல் விசைக்கு வெளியே.

கடைசித்தோட்டா:

சரி, இடக்கை என்றால் நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மின்கம்பி வெட்டு?

பரண்மேல்:

120 கெஜத்துக்கு மேல் சுடாமல் இருந்தால் போயிற்று. வெட்டு முழுவதையும் ஒரு நுனியில் நின்று பார்க்க வேண்டியதில்லை, நடுவில் பரண் போட்டால் இரண்டு பக்கமும் 90 கெஜம்தான். அப்புறம், நேரான வெட்டு ஆபத்தானதும்கூட. மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் குண்டு எங்கே போய் நிற்கும்? .308 குண்டு நல்ல கோணத்தில் கிளம்பினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். .30-30-உம் ஒன்றும் சாது கிடையாது. பரண் உயரத்திலிருந்து சுட்டால் குண்டு தரையைப் பார்த்துப் போகும்.

ஸ்கோப்பில் காசைக் கொட்டாதீர்கள். 1-4x20 அல்லது 2-7x32 போதும். 3-9-ஐ ஒன்பதில் வைத்துக்கொண்டு அடர்காட்டில் நுழைந்தால் கண்ணாடி முழுக்க மயிர்தான் தெரியும், மானின் எந்தப் பக்கம் என்றே புரியாது. மூன்றில் நூறு கெஜத்தில் முப்பது அடி அகலத்துக்கு மேல் தெரியும், ஒன்பதில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மீதிப் பணத்தில் தோட்டா வாங்கி நின்றுகொண்டே சுட்டுப் பழகுங்கள். மேசைமேல் சாய்த்துச் சுடுவது குறி பார்க்க மட்டும்.

ஈரச்சருகு:

மார்லினை வாங்கிவிட்டேன். குழல் சுத்தம், மெல்லிய வரிகளைப் பார்த்ததும் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டையைத் தச்சரிடம் கொடுத்து முக்கால் அங்குலம் குறைத்தேன். பழைய 2-7 ஸ்கோப் ஒன்று கிடைத்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஐம்பது கெஜத்தில் மூன்று குண்டு, ஏழு அங்குலத்துக்குச் சிதறுகிறது. கண்ணை மூடவில்லை, சத்தியம். துப்பாக்கி கெட்டதா?

நிழல்மரம்:

முதலில் ஸ்கோப் தாங்கியின் திருகாணிகள். வளையத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியில் சுடுங்கள். அதில் சிதறல் குறைந்தால் குற்றம் ஸ்கோப்பில், துப்பாக்கியில் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

ஈரச்சருகு:

அக்கா, முன்தாங்கியின் அடித்தட்டில் ஒரு திருகாணி அரைச்சுற்று லூஸ். வளையத்துக்குக் கீழே மறைந்திருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. எண்ணெயைத் துடைத்து, பிடிப்புத் திரவம் ஒரு சொட்டு வைத்து இறுக்கினேன். இன்று ஐம்பதில் ஒன்றரை அங்குலம், நூறில் மூன்று. நின்றுகொண்டு சுட்டால் நூறில் பத்து ஆகிறது, அறுபதில் ஐந்து. ஆக, இப்போதைக்கு என் எல்லை அறுபது.

பரணை வெட்டின் நடுவில்தான் போட்டிருக்கிறேன். பரணுக்கு இருபதடி முன்னால் சுடும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கிளைகளையும் நேற்றே அறுத்தாயிற்று.