சோறு கடைசியில்தான் வருமாம்

மன்னார்குடிப் பக்கம், வேலை சென்னையில்

தம்பிக்கு வேலை உறுதியானதும் அப்பா அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்து, ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் சீன உணவகத்தில் விருந்து வைத்தான். ஹோட்டல் பெயர் வேண்டாம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சாப்பாட்டைவிட எங்கள் அப்பா அதைச் சாப்பிட்ட விதம்தான் விஷயம்.

அப்பாவுக்குச் சீனச் சாப்பாடு என்றால் பேருந்து நிலையத்துப் பக்கம் தள்ளுவண்டியில் சட்டியும் கரண்டியும் மோதுகிற சத்தத்தோடு போடும் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும்தான். "அதான் நம்மூர்லயே கெடைக்குதே, இதுக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். மெனுவில் மஞ்சூரியன் இல்லை. 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற, கல்கத்தாவில் பிறந்த சீனச் சமையல்காரர் கோழியில் தொடங்கி வைத்த பதார்த்தம் என்றுதான் அதைப் பற்றிச் சொல்கிறார்கள். சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். அதற்காக அது மட்டம் என்று நான் சொல்லவில்லை, மழை நாளில் எனக்கும் அந்தத் தள்ளுவண்டிதான் வேண்டும்.

உள்ளே வெளிச்சம் மிகக் கம்மி. அப்பா செல்போன் டார்ச் அடித்து மெனுவைப் பார்த்தார், விலையைப் பார்த்ததும் அணைத்துவிட்டார். மல்லிகை வாசனையோடு தேநீர் வந்தது, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில். அம்மா பால் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வராது என்று தெரிந்ததும் "கஷாயமா நெனச்சுக் குடிச்சுடறேன்" என்றார். அப்புறம் அவர்தான் அதிகம் குடித்தது.

மூங்கில் தட்டில் டிம்சம் வகைக் கொழுக்கட்டை வந்ததும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. இறால் வைத்தது, பெயர் ஹர் காவ். மேல்தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரிகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு மேல்மாவு கிளறுகிற கை அவருடையது, சும்மா விடுமா? ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மடிப்பை எண்ணி, "கொதிக்கிற தண்ணி ஊத்தித்தான் மாவு கிளறியிருக்கணும், இல்லாட்டி இப்படி மடியாது, விண்டு போயிடும்" என்றார். பரிமாறிய பையன் ஆர்வமாக உள்ளே போய்க் கேட்டு வந்தான். ஆமாம், கோதுமையிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச்சும் மரவள்ளி மாவும் கலந்து, கொதிநீர் ஊற்றித்தான் பிசைகிறார்களாம். கோதுமையின் பசைச் சத்தை நீக்கிவிடுவதால்தான் தோல் அப்படிப் பளபளவென்று வெளுத்துத் தெரிகிறது. அரிசி மாவு இல்லையே என்பதில் மட்டும் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்து முழுக் கொடுவா மீன். ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் நீளவாக்கில் அரிந்து மேலே போட்டு, கொதிக்கும் எண்ணெயைச் சுரீரென்று ஊற்றி, சோயா சாஸ் விட்டிருந்தார்கள். புளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. அப்பா ஒரு வாய் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மீன் நேத்து மீனா இருந்தா இப்படி வைக்க முடியாது, தம்பி. மறைக்கறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். இதைவிட நல்ல விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை.

இவ்வளவும் ஆன பிறகு அவர் மெல்லக் குனிந்து கேட்டார்: "சோறு எப்படா வரும்?"

பையன் சிரித்துக்கொண்டே, "கடைசியில் வரும் சார்" என்றான். அப்பாவுக்குப் புரியவில்லை. நம் பந்தியில் ஓரத்துக்கு வைக்கும் கூட்டும் பொரியலும் அப்பளமும் எதற்காக? சோற்றுக்காக. பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம், மோர் என்று வருவதெல்லாம் அந்தச் சோற்றைத் தேடித்தான் வருகிறது. இங்கே துணைக்கு வர வேண்டியதெல்லாம் முன்னால் வந்து தீர்ந்துவிட்டது, சோறு இன்னும் அடுப்படியில். பல சீனர்கள் வீட்டிலும் தினசரிச் சாப்பாட்டில் கிண்ணத்துச் சோறுதான் பிரதானம். விருந்து என்று வந்தால்தான் வரிசை மாறும். நல்ல பதார்த்தங்களுக்கு வயிற்றில் இடம் விட்டுவிட்டு, யாருக்காவது பசி மீந்திருந்தால் கடைசியில் சோறோ நூடுல்ஸோ. விருந்தாளி முதலிலேயே சோற்றைக் கேட்டால், செய்து வைத்தது பற்றவில்லை என்று சொல்வது போல ஆகிவிடுமாம். நம்மூரில் சோறு போதும் என்று சீக்கிரம் கையை எடுத்தால்தான் வீட்டுக்காரர் மனம் வருந்துவார்.

ஒருவழியாகச் சோறு வந்தது, சின்னக் கிண்ணத்தில். அப்பா நாலு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். "ஒட்டுது. பச்சரிசி. ஆனா குழைய விடலை, பதமாத்தான் எடுத்திருக்கான்." ஒட்டத்தான் வேண்டும், குச்சியில் அள்ளுகிறவர்களுக்கு நம் புழுங்கலரிசி உதிர்ந்து உதிர்ந்து விழும். அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைந்த அரிசி ஒட்டும், கூடிய அரிசி உதிரும் என்று தம்பி ஆரம்பித்தான். வேளாண்மை படித்தவன், வேலையும் விதைக் கம்பெனியில். அதோடு நிற்காமல், "அப்பா, நீங்க சம்பாவுக்குப் போடுற வெள்ளைப் பொன்னி இருக்கே, அதுக்கு ஒரு பக்கம் தைவான்" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். தைவானின் தைச்சுங் 65 என்ற ரகத்தை மாயாங் ஈபோஸ் என்ற மலேயா ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து மலேசியாவில் வந்தது மசூரி. அது இங்கே வந்து பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 என்ற நெல் ரகத்தின் குட்டைத் தன்மையும் தீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் ரகத்திலிருந்து வந்ததுதான்.

அப்பா கிண்ணத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவங்க நமக்குச் சம்பந்தி முறைன்னு சொல்லு. சம்பந்தி வீட்டுல சோத்தைக் கடைசியிலயாடா போடுவாங்க?" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அம்மா சிரித்தார்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜி.எஸ்.டி. 18%. வெளியே தனியாக இருக்கும் உணவகத்தில் 5%தான். சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேர்த்திருந்தார்கள். அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தம்பி கேட்டதும் முணுமுணுக்காமல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தைப் பரிமாறிய பையன் கையிலேயே கொடுத்தோம்.

கும்பகோணம்

மன்னார்குடிக்காரரே, உங்கள் அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மகள் பெங்களூரில் அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குக் கூப்பிட்டபோது "நான் காபி குடிச்சுட்டு உக்காந்திருக்கேன், நீங்க சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அவள் முதல் நாளே போன் பண்ணி எல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சைவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். காய்கறிப் பதார்த்தம் என்று போட்டிருந்தாலும் சிப்பி சாஸ் ஊற்றியிருப்பார்கள், சூப்புக்குக் கோழிச் சாறு விட்டிருப்பார்கள், நூடுல்ஸில் முட்டை இருக்கும். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் மேசைக்கே வந்து, "புத்த மடங்களில் சமைப்பது போலச் செய்து தருகிறேன்" என்றார். சீனத்துப் புத்தத் துறவிகள் சாப்பாட்டில் புலாலும் இல்லை, வெங்காயம், பூண்டும் இல்லையாம். கேட்டதும் நிம்மதியாகிவிட்டது. ஆனால் அவர்கள் விலக்கும் பட்டியலில் பெருங்காயத்தையும் சேர்ப்பதுண்டு என்று அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர், "இவளால துறவியாக முடியாது" என்று சொல்லிவிட்டார்.

டோஃபு, காளான், தாமரைக் கிழங்கு எல்லாம் வந்தன. என் மனதில் நிற்பது சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, நம் மிளகுக்கும் அதற்கும் உறவே கிடையாது. காரம் உறைக்கவில்லை, உதடும் நுனிநாக்கும் சுர்ரென்று மரத்துப்போய் அதிர்கின்றன. அதில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் செய்யும் வேலையாம். மகள் அங்கேயே தேடிப் பார்த்துச் சொன்னாள்: எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை, வில்வம் இதெல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அதுவும். முகர்ந்து பாருங்கள், நார்த்தங்காய்த் தோல் வாசனை லேசாக வரும். எனக்குப் பிடித்தது. என் வீட்டுக்காரர் அன்று இரவு வரை உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நாகப்பட்டினம்

நான் சென்னையில் கப்பல் சரக்கு ஏஜென்சியில் இருக்கிறேன். சீனாவிலிருந்து வந்த இன்ஜினியர்களை முதலாளி இப்படி ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போனபோது கூடப் போனேன். மீன் தட்டை வைத்ததும், தலைப்பக்கம் எங்கள் முதலாளியைப் பார்த்து வருமாறு சுழல் மேசையைத் திருப்பினார்கள், அதுதான் மரியாதையாம். மேல்பக்கம் தீர்ந்ததும் நான் திருப்பிப் போடக் கரண்டியை நீட்டினேன். அவர்களில் பெரியவர் சட்டென்று கையைக் காட்டித் தடுத்தார். தெற்குச் சீனக் கடலோரத்துக்காரர் அவர். மீனைத் திருப்பினால் படகு கவிழும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. நடு முள்ளை மட்டும் அழகாக உருவி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட்டார்கள். நானும் கடலுக்குப் போகிற குடும்பம்தான் என்று சொன்னதும் அந்தப் பெரியவர் தன் பங்கு மீன் கன்னத்தை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டார்.

அவரிடம் எங்கள் ஊர்ச் சீனக் கோபுரத்தைப் பற்றியும் சொன்னேன். 1867இல் இடிக்கும்வரை கப்பல்காரர்களுக்கு அது அடையாளம். 1267ஆம் ஆண்டில் கட்டி முடிந்ததாகச் சீன எழுத்தில் பொறித்த ஒரு செங்கல் கோபுரத்தை இந்தப் பக்கம் கண்டதாக வாங் தாயுவான் என்ற 14ஆம் நூற்றாண்டுப் பயணி எழுதியிருக்கிறார், அது இதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சீனப் பெரியவர் அந்தப் பயணியின் பெயரைச் சீன எழுத்தில் காகிதத்தில் எழுதிக் காட்டி "இவரா?" என்று கேட்டார். எனக்கு எங்கே படிக்கத் தெரியும்!

பட்டுக்கோட்டை, ஹோட்டல் சமையலறை வேலை

மன்னார்குடி அண்ணனுக்கு: அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கும்போதே "சோற்றைப் பதார்த்தத்தோடு சேர்த்துக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வரும் சீட்டில் அப்படியே எழுதி வரும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முள்கரண்டி கேட்கவும் கூச்சம் வேண்டாம், எல்லா மேசையிலும் கேட்கிறார்கள்.

யாரும் வாத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. பெய்ஜிங் வாத்துக்குத்தான் அங்கே உண்மையான உழைப்பு. தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே காற்றை அடித்து உப்ப வைத்து, மேலே வெந்நீர் ஊற்றி, மால்ட் பாகு தடவி, காற்றில் தொங்கவிட்டு நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடுப்பு. காயாவிட்டால் தோல் மொறுமொறுப்பு வராது. அதனால் பல இடங்களில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். நம்மூரில் அறுவடை முடிந்த வயலில் மேய்க்கிறார்களே, அந்த வாத்தில் இது வராது, அது முட்டைக்கு வளர்ப்பது, ஓடியோடி மெலிந்தது. இதற்குக் கொழுப்பு ஏறிய வெள்ளை வாத்து வேண்டும்.

மேசையிலேயே அரிந்து தருவார்கள். மெல்லிய ரொட்டியில் இனிப்புச் சாஸ் தடவி, வெள்ளரியும் வெங்காயத்தாளும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடுங்கள். தோலைத் தனியாகத் தந்தால் ஆறுவதற்குள் முதலில் அதை முடியுங்கள். மீதி எலும்பை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முறைப்படி அதில் சூப்பு வைத்துத் தருவதுண்டு. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் பல இடங்களில் அது மேசைக்கு வராது.