1942-இல் இலங்கை வரைக்கும் வந்த ஜப்பான் ஏன் திரும்பிப் போனது?

பல்லடத்துக்காரன்:

வணக்கமுங்க. எங்கள் அப்பத்தா 1942-ஐ "சப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்றுதான் சொல்லும். மெட்ராசில் இருந்த சொந்தக்காரர்கள் சட்டிமுட்டியோடு எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்து இறங்கினார்களாம். அந்த ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலை என்று வரிசையாக அடித்தவர்கள், அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். அதே வருசம் ஜெர்மன் தளபதி ரோமெல் எகிப்துக்குள் நுழைந்துவிட்டார். ஜெர்மனியும் ஜப்பானும் ஒரே அணிதானே? இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நெருக்கியிருந்தால் பிரிட்டிஷாரின் கதை முடிந்திருக்குமே, ஏன் செய்யவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சூலூர் வாத்தியார்:

தம்பி, மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடத்தில் "அச்சு நாடுகள்" என்று சேர்த்துப் போட்டுவிடுவதால், பெர்லினும் ரோமும் டோக்கியோவும் கூடி உட்கார்ந்து திட்டம் போட்டதாகவே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவர்கள் தோற்றதற்குப் பெரிய காரணமே அதுதான் என்பது என் முடிவு.

1942 ஜனவரியில் மூன்று நாடுகளும் ஒரு ராணுவ ஒப்பந்தம் போட்டன. கிழக்குத் தீர்க்கரேகை 70 டிகிரி எல்லை: அதற்கு மேற்கே ஜெர்மனியும் இத்தாலியும், கிழக்கே ஜப்பான். நம் கோயமுத்தூர் 77-இல் இருக்கிறது, அதாவது ஜப்பான் பங்கில். கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறை பிரித்துக்கொள்வதைப் போல எல்லையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே காட்டுக்குச் சேர்ந்து பாய்ச்ச வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இலங்கைக்கு வந்த ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் படைக்குத் தீவைப் பிடிக்கும் வேலையே தரப்படவில்லை. பர்மாவுக்குப் போகும் கடல்வழியைக் காக்க வேண்டும், பிரிட்டிஷ் கப்பற்படையை அடித்துத் துரத்த வேண்டும், அவ்வளவுதான். 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் இரண்டு பெரிய குரூசர்களையும் மூழ்கடித்தார்கள். மிச்சமிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. வேலை முடிந்ததென்று இவர்களும் பசிபிக் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஜூன் மாதம் மிட்வே தீவுப் பக்கம் அமெரிக்காவோடு நடந்த சண்டையில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் போயின. அதில் அகாகி, சோரியூ, ஹிரியூ மூன்றும் கொழும்பை அடிக்க வந்த ஐந்தில் இருந்தவை.

இப்போது தேதியைப் பாருங்கள். ரோமெல் லிபியாவில் பிரிட்டிஷார் கையிலிருந்த டோப்ருக் துறைமுகத்தைப் பிடித்தது ஜூன் 21, எகிப்தில் எல் அலமெய்ன் வாசலுக்கு வந்தது ஜூலை 1. அவர் வந்து நிற்கும்போது இந்தியப் பெருங்கடலில் ஜப்பானின் பெரிய கப்பற்படை இல்லை. மத்தியதரைக் கடல் அடைபட்டிருந்ததால் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்கு வேண்டியதெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி, செங்கடல் வழியாகத்தான் போனது. அந்த வழியை அறுக்கச் சொல்லி ஜெர்மனி கேட்டதற்கு, மடகாஸ்கர் பக்கம் சில நீர்மூழ்கிகள்தான் வந்தன. டோப்ருக் விழுந்த செய்தி வந்ததும் ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்குக் கொடுத்த 300 ஷெர்மன் டாங்கிகள் அதே வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அக்டோபரில் அலமெய்னில் ரோமெலை அடித்த படையில் அவையும் இருந்தன.

எங்கள் ஊர் விமானத்தளத்துக்கு 1942 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் தீ வைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே தளத்தை 1945-இல் பிரிட்டிஷ் கடற்படை 'வைரி' என்று பெயர் வைத்து நடத்தியது. இந்தியப் பெருங்கடல் கடைசியில் யார் கைக்குப் போனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஈரோடு மெக்கானிக்:

வாத்தியார் ஐயா சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க. கைகோத்திருந்தாலும் தோற்றிருப்பார்கள். போர் முடிவதற்குள் அமெரிக்கா மட்டும் சுமார் 3 லட்சம் விமானங்கள் செய்துவிட்டது. ஜப்பான் செய்தது அதில் கால்வாசி அளவுதான். பெட்ரோலும் இவர்களிடம் இல்லை. பட்டறை இல்லாதவன் கூட்டணி வைத்து என்ன செய்ய?

சூலூர் வாத்தியார்:

பட்டறை விஷயம் உண்மைதானுங்க. ஆனால் அந்தப் பட்டறையைத் தங்கள் மேல் இழுத்து விட்டுக்கொண்டது யார்? 1940-இல் போட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தின்படி, ஜப்பானை யாராவது தாக்கினால்தான் ஜெர்மனி உதவிக்கு வர வேண்டும். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பரில் தாக்கியதே ஜப்பான். அதையும் ஜெர்மனியிடம் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. அப்படியும் ஹிட்லர் டிசம்பர் 11-இல் தானாகப் போய் அமெரிக்கா மீது போர் அறிவித்தார்.

அதை விடக் கொடுமை ரஷ்யா விஷயம். 1941 ஏப்ரலில் ஜப்பான் ரஷ்யாவோடு நடுநிலை ஒப்பந்தம் போடுகிறது. ஜூனில் ஜெர்மனி ரஷ்யா மேல் பாய்கிறது. ஒருவர் போடுகிற கணக்கு இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஜப்பான் வடக்கே வராது என்று டோக்கியோவில் இருந்த ரஷ்ய உளவாளி சோர்கே தகவல் அனுப்புகிறார், சைபீரியாவிலிருந்து படைகள் மாஸ்கோவுக்கு வருகின்றன. அதற்குப் பிறகு அமெரிக்கா ரஷ்யாவுக்கு அனுப்பிய உதவிச் சரக்கில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஜப்பானுக்குப் பக்கத்தில் இருக்கும் விளாடிவாஸ்டாக் துறைமுகத்தில் போய் இறங்கியது. லாரி, உணவு, எண்ணெய் எல்லாம் ரஷ்யக் கொடி கட்டிய கப்பல்களில், ஜப்பானின் வாசல் வழியாகவே போயின. ஜப்பான் அந்த வழியை அடைக்கவில்லை. ஜெர்மானியச் சிப்பாயைக் கொல்லப் போகும் சரக்கு, ஜெர்மனியின் நண்பன் வீட்டைத் தாண்டித்தான் போனது! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மனம் ஆறாது.

எதிரணியான நேச நாடுகளுக்குள்ளும் (அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா) சண்டை உண்டு. ஜெர்மனியை மேற்கிலிருந்தும் தாக்க இரண்டாம் போர்முனையைத் திறக்கச் சொல்லி ஸ்டாலின் 1941-இலிருந்து கேட்டார். அது பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் 1944 ஜூன் 6-இல்தான் நடந்தது. ஆனால் முதலில் ஜெர்மனி, அப்புறம்தான் ஜப்பான் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 1941 கடைசியிலேயே பேசி முடித்துவிட்டன, தளபதிகளுக்கு வாஷிங்டனில் ஒரு கூட்டுக் குழுவும் வைத்தன. ஜெர்மனி சரணடைந்து இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மீது போர் தொடுக்கிறேன் என்று 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் ஸ்டாலின் சொன்னார். ஜெர்மனி விழுந்தது மே 8; ரஷ்யா போர் அறிவித்தது ஆகஸ்ட் 8.

பல்லடத்துக்காரன்:

ஐயா, நேதாஜி நீர்மூழ்கியில் போனது? அது இரண்டு நாடும் சேர்ந்து செய்ததுதானே?

சூலூர் வாத்தியார்:

ஆமாம் தம்பி, அது சேர்ந்து செய்ததுதான். 1943 ஏப்ரல் 28, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே. கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, நேதாஜியும் அபித் ஹசனும் ரப்பர் படகில் ஏறி ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறினார்கள். ஒரு மனிதரை அனுப்பி வைக்கவே அத்தனை பாடு என்றால், படையையும் எண்ணெயையும் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

திருச்செங்கோடு வாசகி:

எனக்கு ஒரு சந்தேகமுங்க ஐயா. எங்கள் அப்புச்சியின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கூட இருந்தவர் வந்து சொன்னதோடு சரி. நீங்கள் சொல்லும் கடல் சமாச்சாரத்துக்கும் அந்த ரயிலுக்கும் தொடர்பு உண்டா?

சூலூர் வாத்தியார்:

நேரடித் தொடர்பு உண்டு, அம்மிணி. பர்மாவில் இருந்த படைக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் கப்பலில்தான் எல்லாம் போக வேண்டியிருந்தது. மிட்வேக்குப் பிறகு அந்த வழியைக் காக்க ஜப்பானிடம் போதுமான கப்பல் இல்லை, நேச நாட்டு நீர்மூழ்கிகளின் பயம் வேறு. அதனால்தான் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டைப் பிளந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல்; அதைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள், அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கைதிகளில் இறந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெயர் பதிவாகியிருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு பதிவேடே இல்லை. அவர் இருந்த தோட்டத்தின் பெயரோ, பக்கத்து ஊரோ வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் இங்கே எழுதுங்கம்மா. மலேசியாவில் இருக்கும் வாசகர்கள் யாராவது விசாரித்துச் சொல்வார்கள்.