காய்ச்சல் கணக்கு: அலை ஏறினால் எதை எண்ணுவது?

சுகாதார ஆய்வாளர், மன்னார்குடி பக்கம்:
புது ஃப்ளூ தலைகாட்டும் முதல் சில வாரம் ஒவ்வொருவருக்கும் மூக்கு, தொண்டையிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுத்து, கூட இருந்தவர்களையும் தேடிப் பிடிக்கணும். ஊருக்குள் பரவிய பிறகும் அதையே செய்தால் ஆய்வகத்தில் மாதிரி தேங்கும்; முடிவு வருவதற்குள் ஆள் குணமாகி நடவுக்குப் போயிருப்பார். அப்புறம் 'உறுதியானவர்கள்' என்ற எண், ஆய்வகம் ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கும் என்பதைத்தான் காட்டும். 2009 ஜூன் 11-ல் பெருந்தொற்று என்று அறிவித்த உலக சுகாதார நிறுவனம், ஜூலை 16-லேயே, பரவல் மிகுந்த நாடுகள் ஒவ்வொருவரையும் சோதித்து எண்ண வேண்டாம் என்றது.

அந்தக் கட்டத்தில் சில மருத்துவமனைகளை மட்டும் தேர்ந்து அங்கே ஆழமாகப் பாருங்க. மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகிறவர்கள், இறப்புகள், ஒரே தெருவில் கொத்தாக வரும் காய்ச்சல், இந்த மூன்றையும் எப்போதும் விடக்கூடாது.

செவிலியர், திருத்துறைப்பூண்டி:
சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கங்க. யாரை ஃப்ளூ போன்ற காய்ச்சல் என்று எண்ணுவது என்ற வரையறையை நடுவில் மாற்றவே கூடாது: 38 டிகிரி செல்சியஸோ மேலோ காய்ச்சல், இருமல், தொடங்கி 10 நாளுக்குள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் கலந்து வரும். இருமல் இல்லாததையும் பதிவேட்டில் இதே பத்தியில் எழுதினால் ஃப்ளூ ஏறியதுபோலத் தெரியும்.

அன்றைய மொத்த ஓ.பி. (வெளிநோயாளிகள்) எண்ணிக்கையும் வேணும். வழக்கமான நாளில் 200 பேரில் 20 பேருக்கு இந்தக் காய்ச்சல் என்று வைத்துக்கங்க. பஸ் ஓடாத மழைநாளில் 90 பேரில் 18. ஆள் குறைந்த மாதிரி இருக்கும். பங்கு இரண்டு மடங்கு ஆகியிருக்கு.

ஆய்வக நுட்புநர், தஞ்சாவூர்:
மாதிரி எடுக்க மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு வேண்டாம், பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) கெடும், டேக்ரான் அல்லது நைலான் என்ற செயற்கை இழை சுற்றிய குச்சிதான். மாதிரி உள்ள குழாயை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 72 மணி நேரத்துக்குள் சேர்த்துடுங்க. ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைக்கவே வைக்காதீங்க, உறைந்து உருகினால் வைரஸ் சிதையும். பெயரை மூடியில் எழுதாமல் குழாயில் எழுதுங்க, மூடிகள் மாறிப்போகும்.

மோசமாக இருப்பவர்களாகப் பார்த்து மாதிரி எடுத்தால் பாசிட்டிவ் விகிதம் பொய்யாக உயரும். ஓ.பி.யில் குறித்த நாளில், வரையறைக்குப் பொருந்தி முதலில் வரும் ஐந்து பேர் என்று நிர்ணயித்துக்கங்க.

செவிலியர், திருத்துறைப்பூண்டி:
யாருமே வராத வாரம், தம்பி?

ஆய்வக நுட்புநர், தஞ்சாவூர்:
பூஜ்யம் என்றே அனுப்புங்க அக்கா. கட்டத்தைக் காலியாக விட்டால் நோய் இல்லையா, எழுத ஆள் இல்லையா என்று இங்கே தெரியாது.