மறு: கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் – ‘நிதானிப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளியைக் கவனித்து, அவர் நிலை என்ன, அடுத்து என்ன செய்வது என்று செவிலியர்கள் நாங்கள் கணிப்பதை ஆங்கிலத்தில் ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மருத்துவத் தீர்ப்பு, மருத்துவ முடிவெடுப்பு, நோய்நிலை மதிப்பீடு. மூன்றையும் வார்டில் வேலைக்கு நடுவே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல ஓர் இரவு டியூட்டியைச் சொன்னால்தான் முடியும்.

மணி இரண்டு இருக்கும். நாலாம் படுக்கையில் அறுவை முடிந்த இளைஞர் வலியில் கத்துகிறார். ஏழாம் படுக்கையில் டிரிப்ஸ் முடிந்து அலாரம் அடிக்கிறது. நாலாம் படுக்கைக்குப் போகிற வழியில் பதினொன்றில் இருந்த வயதான அம்மாவிடம், “தூக்கம் வரலையாம்மா?” என்று கேட்டேன். “ம்” என்றார். சாயங்காலம் பேத்தியைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது போர்வை நுனியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அங்கேயே நின்றுவிட்டேன். “கொஞ்சம் பொறுங்க தம்பி, இதோ வர்றேன்” என்று நாலாம் படுக்கைக்குக் குரல் கொடுத்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். 24. மாலைக் குறிப்பில் 18 என்று இருந்தது. பல்ஸ் 104, ஆக்சிஜன் 93. காய்ச்சல் இல்லை, பிரஷரும் சரியாகவே இருந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எந்த எண்ணும் ஆளைப் பதற வைக்காது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்-2 என்ற அட்டவணை, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க இந்த எண்களுக்குப் புள்ளி கொடுக்கிறது. அதன்படி கூட்டினால் மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 2, பல்ஸுக்கு 1, மொத்தம் 5. ஐந்து வந்துவிட்டால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும், அழைத்தேன். ஆனால் என்னை அங்கே நிறுத்தியது அந்த ஐந்து இல்லை, அந்த ‘ம்’. புதிதாகக் குழப்பம் வந்திருந்தால் அட்டவணையில் அதற்கு இடம் உண்டு. பேச்சு குறைந்துபோனதற்கு இடம் இல்லை. அதைச் சாயங்காலமும் பார்த்த ஆள்தான் கண்டுபிடிக்க முடியும்.

நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது இந்தக் காரியத்துக்குத்தான்.

தீர்ப்பு என்றால் சொன்னதோடு முடிந்தது. மேல்முறையீடு வேண்டுமானால் செய்யலாம். செவிலியர் செய்வது அப்படி முடிகிற காரியம் அல்ல. அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் 2006-இல் இதை நான்கு கட்டமாக வகுத்தார்: கவனித்தல், பொருள் கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல். இந்தக் கடைசிக் கட்டம் தீர்ப்பில் எங்கே வருகிறது? ஆக்சிஜன் வைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் மூச்சை எண்ணுகிறோம், நினைத்தது தவறு என்றால் மாற்றிக்கொள்கிறோம். ‘முடிவெடுப்பு’ என்பது செயல்படலை மட்டும்தான் பிடிக்கிறது. ‘மதிப்பீடு’ பாவம், ஏற்கெனவே இரண்டு சுமை தூக்குகிறது: அசெஸ்மென்டுக்கும் அதையே எழுதுகிறோம், எவால்யுவேஷனுக்கும் அதையே எழுதுகிறோம். மூன்றாவதையும் ஏற்றினால் மாணவிகளுக்கு ஒன்றும் புரியாது.

என் பரிந்துரை நிதானிப்பு. பாடநூலில் முழுதாக எழுதும்போது ‘நோயர்நிலை நிதானிப்பு’ என்று எழுதலாம். நோய்நிலை என்று வேண்டாம். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. நாங்கள் பார்ப்பது ஆளின் நிலையை.

> அவசரத்தில் நிதானம் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி ஐயா. ‘நிதானம்’ என்ற பெயர்ச்சொல்லில் மெதுவாக என்ற பொருள் இன்று ஏறியிருப்பது உண்மைதான். வினையில் அப்படி இல்லை. “இருட்டில் படி எங்கே இருக்கிறது என்று நிதானித்துக் கால் வைத்தேன்”, “வண்டி வரும் வேகத்தை நிதானிக்க முடியவில்லை” என்கிறோம். இரண்டுமே அரை நொடியில் நடக்கிறவை. அரைகுறை வெளிச்சத்தில், கிடைத்த சாடையை வைத்து அளந்து, காலையும் எடுத்து வைத்து, தப்பானால் பின்வாங்குவது. எங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. வடசொல் என்ற மறுப்பும் வரும். வரட்டும், வீட்டில் புழங்குகிற சொல் அது. ‘உய்த்துணர்வு’ தூய தமிழ்தான், அழகும்கூட. ஆனால் டியூட்டி மாற்றும் நேரத்தில் யார் வாயிலும் வராது.

> மருத்துவர் சொல்வதைச் செய்பவர்களுக்குத் தனியாக இப்படி ஒரு சொல் தேவையா?

இதற்குக் குறள் 950-ஐத்தான் காட்டுவேன். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருந்தை நாலு கூறாக்குகிறது அது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் நாலில் ஒரு கூறு. அன்று மருத்துவர் வந்தது நான் கூப்பிட்ட பிறகு. கூப்பிடலாமா என்று அவரிடமே கேட்க முடியாது.

அடுத்து பிரயாரிட்டி. ‘முன்னுரிமை’ நிலைத்துவிட்ட சொல், எடுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாக இருக்கட்டும். நோயாளிகள் விஷயத்தில் அந்த ‘உரிமை’ உறுத்துகிறது. நாலாம் படுக்கைத் தம்பிக்கு அம்மாவைவிட உரிமை குறைவா? வலிக்கு மருந்து கேட்க முழு உரிமை அவருக்கு உண்டு. கத்த முடிகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. அதனால் காத்திருக்கலாம், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் அவருக்கு ஊசி போட்டேன். அதற்குள் அவர் பட்ட வலி பொய்யில்லை. ‘முதற்கவனம்’ என்று வைத்தால் யாருடைய உரிமையும் குறைவதில்லை. அது இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் சொல்லிலேயே தெரியும்: இப்போது முதற்கவனம் பதினொன்றுக்கு, மூன்று மணிக்கு வேறொருவருக்கு.

டிரையேஜையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம். அது பிரெஞ்சில் பிரித்தெடுப்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது; வாசலில் வருகிறவர்களை வகை பிரிக்கும் வேலை. ‘வகைபிரிப்பு’ அதற்குப் போதும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவின் செவிலியர் உரிமத் தேர்வு 2023 ஏப்ரல் முதல் இந்தத் திறனை ஆறு படியாகப் பிரித்துச் சோதிக்கிறது. முதல் படி ‘கியூ’வை, அதாவது நோயாளியிடம் தென்படும் கவனிக்க வேண்டிய குறிப்பை, கண்டுகொள்வது. நம் நூல்களுக்கும் அந்தச் சொல் கட்டாயம் வரும். அறிகுறி என்று எழுதினால் சிம்ப்டமோடு குழம்பும். மேலே நானே அறியாமல் ‘சாடை’ என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? அந்த ‘ம்’ ஒரு சாடை; அறிகுறிப் பட்டியல் எதிலும் அது இருக்காது. ‘சாடை’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? வார்டில் இருப்பவர்கள் நாளை டியூட்டி மாற்றும்போது நிதானிப்பு, முதற்கவனம், சாடை என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்து, எதிரில் இருப்பவர் விளக்கம் கேட்டாரா இல்லையா என்று எழுதுங்கள்.