கிளையே இல்லாத டிஜிட்டல் வங்கி: தனி உரிமம் தேவையா, நம் பணத்துக்கு என்ன பாதுகாப்பு?

தேனருவி கேட்டது:

செயலியில் மட்டுமே இயங்கும் வங்கிகளைப் பற்றி ஒரு சந்தேகம். நான் பயன்படுத்தும் செயலி பார்ப்பதற்கு முழு வங்கி மாதிரியே இருக்கிறது, கணக்கு எண் தருகிறார்கள், கார்டு தருகிறார்கள், வட்டியும் போடுகிறார்கள். ஆனால் நிபந்தனைகள் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், “நாங்கள் வங்கி அல்ல, வங்கிச் சேவையை எங்கள் கூட்டாளி வங்கி வழங்குகிறது” என்று ஒரு வரி. இன்னொரு செயலியில் தங்களுக்கே வங்கி உரிமம் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் டெபாசிட் காப்பீடு உண்டு என்றும் இருக்கிறது. அப்படியென்றால் பணம் போடுகிறவருக்கு என்ன வித்தியாசம்? அப்புறம், டிஜிட்டல் வங்கிக்கென்று தனி உரிமம் எதற்கு, இருக்கிற வங்கிச் சட்டம் போதாதா? சேமிப்பில் பெரும்பகுதியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேரேடு எழுதியது:

வித்தியாசம் ரொம்பப் பெரியது. டெபாசிட் காப்பீடு வங்கி விழுந்தால்தான் பணம் கொடுக்கும். நடுவில் நிற்கும் நிறுவனம் விழுந்தால் அது எட்டிக்கூடப் பார்க்காது.

அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்ற நிறுவனம் திவால் மனு போட்டது. அது வங்கியும் கிடையாது, மக்கள் கையில் வைத்திருந்த செயலியும் கிடையாது, செயலிகளையும் வங்கிகளையும் இணைத்துவைத்த இடைநிலை நிறுவனம். பல பேர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. மே மாதம் யோட்டா போன்ற செயலிகளில் பணம் போட்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு முடங்கியது. பணம் வங்கிகளில்தான் இருந்தது, ஆனால் எல்லாருடையதும் சேர்ந்து பொதுக்கணக்கில் மொத்தமாக. அதில் யாருக்கு எவ்வளவு என்ற விவரம் சினாப்ஸின் பேரேட்டில். அந்தப் பேரேட்டையும் வங்கிகளின் கணக்கையும் ஒப்பிட்டால் ஒத்தே போகவில்லை. நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் ஜெலினா மெக்வில்லியம்ஸ் (டெபாசிட் காப்பீட்டு அமைப்பான எஃப்டிஐசியின் முன்னாள் தலைவரே இவர்தான்) 6.5 கோடியிலிருந்து 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுவதாக மதிப்பிட்டார். எந்த வங்கியும் மூடப்படவில்லை, அதனால் காப்பீட்டிலிருந்து ஒரு சென்ட்கூட வரவில்லை.

இதோடு ஆஸ்திரேலியாவை வைத்துப் பாருங்கள். ஜின்ஜா, வோல்ட் இரண்டுமே சொந்த உரிமம் வாங்கிய டிஜிட்டல் வங்கிகள், இரண்டுமே கடையைக் கட்டின. ஜின்ஜா கடனே கொடுக்காமல் டெபாசிட்டுக்கு நல்ல வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது, வருமானம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும்? 2020 டிசம்பரில் உரிமத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. வோல்ட் புதிய மூலதனம் கிடைக்காமல் 2022 ஜூனில் மூடுவதாகச் சொன்னது. ஆனால் இரண்டிலும் டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. தோற்றுப்போன வங்கியில் போட்டவர்கள் பிழைத்தார்கள், வங்கி ஒன்றுகூட விழாத இடத்தில் மக்கள் பணத்தை இழந்து நின்றார்கள். உரிமம் செய்கிற வேலை இதுதான். உங்கள் பெயரும் தொகையும் வங்கியின் சொந்தப் பேரேட்டில், கண்காணிப்பாளர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

---

கரைமேடு எழுதியது:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தனி உரிமம் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன்.

நாடுகள் இரண்டு வழியில் போகின்றன. பிரிட்டனில் டிஜிட்டல் வங்கிக்கென்று தனி உரிமமே கிடையாது, கிளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே உரிமம்தான். ஆனால் படிப்படியாக ஏறலாம்: முதல் கட்டத்தில் மொத்த டெபாசிட்டே 50,000 பவுண்டைத் தாண்டக்கூடாது, அதற்குள் ஆள், கணினி, கட்டுப்பாடு எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு முழு உரிமத்துக்குப் போக வேண்டும். மொன்சோ 2016இல் இப்படி நுழைந்து 2017இல் முழு வங்கியானது.

சிங்கப்பூரும் மலேசியாவும் தனி உரிமம் கொடுத்தன. சிங்கப்பூரில் முழு டிஜிட்டல் வங்கிக்குக் கடைசியில் 150 கோடி சிங்கப்பூர் டாலர் செலுத்திய மூலதனம் வேண்டும், ஆரம்பக் கட்டத்தில் 1.5 கோடி போதும், ஆனால் அப்போது ஒருவரிடம் 75,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. மலேசியாவில் 2022இல் ஐந்து குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் சில ஆண்டுகளுக்கு மொத்தச் சொத்து 300 கோடி ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு. ஹாங்காங்கில் உரிமம் கேட்கும்போதே, தொழில் சரிவராவிட்டால் எப்படி ஒழுங்காக மூடுவோம் என்ற திட்டத்தையும் கொடுக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி அதுதான். இந்தியாவில் நிதி ஆயோக் 2022 ஜூலையில் தனி உரிமம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது, ஆனால் ரிசர்வ் வங்கி அந்த வழியில் போகவில்லை, அதனால் அங்கே நியோபேங்க் என்று சொல்பவை ஏதோ ஒரு வங்கியின் தோளில்தான் நிற்கின்றன.

என் கருத்து, உரிமத்தின் பெயர் முக்கியமில்லை, ஏணிப்படி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலியா பட்ட பிறகு கற்றுக்கொண்டது: 2021இல் விதியை மாற்றி, டெபாசிட் திட்டம் மட்டும் போதாது, வருமானம் வரும் கடன் திட்டம் ஒன்றையும் சிறிய அளவில் நடத்திக் காட்டினால்தான் முழு உரிமம் என்றார்கள்.

---

ஆலமர நிழல் எழுதியது:

ஏணிப்படி மட்டும் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் பெரிய பிரச்சினை. கிளை வைத்து வளரும் வங்கிக்குக் கட்டடமும் ஆளும் தேடவே காலம் பிடிக்கும், செயலிக்கு அந்தத் தடையே இல்லை, ஒரே வருடத்தில் லட்சக்கணக்கானோர் சேர்ந்துவிடுவார்கள், சரிபார்க்கும் துறை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். பிரிட்டனின் டிஜிட்டல் வங்கியான ஸ்டார்லிங்கில் நடந்தது அதுதான். பொருளாதாரத் தடைப் பட்டியலோடு வாடிக்கையாளர் பெயரை ஒப்பிடும் அதன் மென்பொருள், 2017 முதல் பட்டியலின் ஒரு சிறு பகுதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது, 2023 ஜனவரியில்தான் வங்கிக்கே அது தெரியவந்தது. 2024 அக்டோபரில் சுமார் 2.9 கோடி பவுண்டு அபராதம். ஜெர்மனி தன் நாட்டு டிஜிட்டல் வங்கியான என்26 விஷயத்தில் இன்னும் நேரடியாகப் போனது: 2021 நவம்பரில், மாதத்துக்கு 50,000 புதிய வாடிக்கையாளருக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று கட்டிப்போட்டது. அபராதத்தைவிட இது நல்ல மருந்து. அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடலாம், வளர்ச்சியை நிறுத்தினால் முதலீட்டாளர்களே நிர்வாகத்தைக் கேள்வி கேட்பார்கள்.

முதலாளி யார் என்பதையும் விடக்கூடாது. இந்த வங்கிகளின் பின்னால் பெரும்பாலும் ஒரு இணைய வணிகமோ வாடகை வண்டிச் செயலியோ இருக்கிறது. தென்கொரியா 2019இல் தனிச்சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்து, நிதித்துறைக்கு வெளியே உள்ள நிறுவனங்கள் இணைய வங்கியில் 34 சதவீதம் வரை பங்கு வைக்கலாம் என்றது, கூடவே பெரிய பங்குதாரருக்கு அந்த வங்கி கடன் கொடுக்கவே கூடாது என்றும் போட்டது. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியைக் கொடுத்தால் மக்கள் டெபாசிட் முதலாளியின் தொழிலுக்குப் போய்விடும்.

---

தேனருவி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று. என் செயலியின் கூட்டாளி வங்கியிலேயே எனக்கு நேரடிக் கணக்கும் இருக்கிறது. காப்பீடு இரண்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்குமா?

---

பேரேடு:

பொதுவாகக் கிடைக்காது. காப்பீட்டு வரம்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், அதே வங்கியில் நேராகப் போட்டதும் செயலி வழியாகப் போனதும் சேர்த்தே கணக்கிடப்படும். அதனால் மாற்றுவதற்கு முன் கூட்டாளி வங்கியின் பதிவுப் பெயரை, செயலியின் விளம்பரப் பெயரை அல்ல, உங்கள் நாட்டு மத்திய வங்கியின் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிறகு அந்த வங்கிக்கே நேராக எழுதி, கணக்கு எண்ணைக் கொடுத்து, இது என் பெயரில் தனிக்கணக்கா, பொதுக்கணக்கில் ஒரு பங்கா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பெரும்பகுதியை நகர்த்தாதீர்கள், செலவுக்கு வேண்டியதை மட்டும் செயலியில் வையுங்கள்.